துண்டுக்குத் துண்டு முகம் மாறுவது ஏன்?

வணக்கம். படத்தை வீடியோவாக்கும் AI மாடலான வான் 2.1-இல் (Wan 2.1) உங்கள் பாட்டியின் பழைய புகைப்படத்தை அசைய வைக்கிறீர்கள். ஒரு வீடியோத் துண்டின் கடைசி ஃபிரேமை (அசையாத ஒற்றைப் படத்தை) அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுத்து 20 விநாடி வரை நீட்டினால், மூன்றாவது துண்டிலேயே முகம் வேறு யாரோ ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிராம்ப்டை, அதாவது மாடலுக்கு எழுதிக்கொடுக்கும் விவரிப்பை, எவ்வளவு மாற்றினாலும் இது தீராது. கோளாறு அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது.

இந்த மாடல் வழக்கமாக ஒரு தடவைக்கு 81 ஃபிரேம் தரும். நொடிக்கு 16 வீதம் சுமார் 5 விநாடி. அடுத்த ஓட்டத்துக்கு முந்தையது எதுவும் நினைவிருக்காது, அந்த ஒரு ஃபிரேமைத் தவிர. அதில் பாட்டி தலையைத் திருப்பியிருந்தால் மீதி முகத்தை மாடல் தானாக ஊகித்துக்கொள்ளும். நகலுக்கு நகல் எடுத்ததுபோல் பிழை கூடிக்கொண்டே போகும்.

அதனால் 20 விநாடிக்கு வேண்டிய நான்கு துண்டுக்கும் ஒரிஜினல் புகைப்படத்திலிருந்தே தொடங்குங்கள். ஒன்றில் முழுப்படம், ஒன்றில் முகம் மட்டும், இன்னொன்றில் மடியில் இருக்கும் கைகள். எடிட்டரில் சேர்த்தால் ஷாட் மாறியதாகத்தான் தெரியும். முழுப்படத்தில் முகம் மிகச் சின்னதாக இருந்தால் கொஞ்சம் நெருக்கி வெட்டுங்கள். மாடலுக்குள் படம் நீள அகலத்தில் 8 மடங்கு சுருங்குகிறது. 40 பிக்சல் அகல முகத்துக்கு 5 கட்டம்தான் மிஞ்சும். கண்ணும் மூக்கும் அதில் எப்படி நிற்கும்?

பிராம்ப்டில் முகத்தை வர்ணிக்க வேண்டாம். ‘மெல்லச் சிரிக்கிறார், கேமரா நிலையாக நிற்கிறது’ என்ற அளவு போதும். அப்புறம், கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். அது உங்கள் பாட்டி முகம். வீடியோ 12 விநாடியே வந்தாலும் பரவாயில்லை.