தோலைப் படித்து என்ன செய்வாள் என்று கேட்ட அப்பாவுக்கு

சார், உங்கள் மகள் பாப்பாவைச் சேர்க்க நீங்கள் அனுப்பிய கல்லூரி நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டேன். மூன்று வருடப் படிப்பு, பெயரில் ‘காஸ்மெடிக்’ இருக்கிறது, ‘ஆன்ட்டி ஏஜிங்’ இருக்கிறது, அட்டையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி சிரிக்கிறாள். முன்பணம் கட்டினால்தான் சீட் என்று போனில் அவசரப்படுத்துகிறார்கள் என்றீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

போன வாரம் நீங்கள் வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது, பாப்பா தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ‘ரெட்டினால் போட்டால் முதலில் தோல் உரிகிறது, பிறகு சுருக்கம் குறைகிறது. ஒரே பொருள் இரண்டு வேலை எப்படிச் செய்யும்?’ என்று எழுதி, கீழே இரண்டு அம்புக்குறி போட்டிருந்தாள். ரெட்டினால் என்பது சுருக்கத்துக்கான கிரீம்களில் சேர்க்கும் வைட்டமின் ஏ வகை. (அக்காவின் கிரீமை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். 17 வயதில் உனக்கு எங்கே சுருக்கம் என்று அதற்குத் தனியாகத் திட்டினேன்.)

கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் பாடமே அதில்தான் இருக்கிறது. தோலின் மேலடுக்குச் செல்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் உதிர்ந்துவிடும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து செல்லின் மேலுள்ள ஏற்பியில் (தகவலை வாங்கிக்கொள்ளும் புரதம்) ஒட்டும், ஏற்பி உள்ளே இருக்கும் புரதத்தைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், இப்படிக் கைமாறிக் கைமாறி உட்கரு வரை போய் எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்பதில் முடியும். சமிக்ஞைப் பாதை என்பது இதுதான். அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹென் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டபோது, அவை நாள் ஆவதற்கு முன்பே கண் திறந்துவிட்டன. இமைத் தோல் சீக்கிரம் வளர்ந்து முதிர்ந்ததுதான் காரணம். அப்படிப் பிடிபட்டதுதான் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. 1986-இல் ரீட்டா லெவி-மான்டல்சினியோடு சேர்ந்து அவருக்கு நோபல் கிடைத்தது. இஜிஎஃப் தகவல் போகும் பாதையை அடைக்கும் புற்றுநோய் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எடுப்பவர்களில் பலருக்கு முகத்தில் பரு மாதிரிக் கிளம்பும். தோலுக்கும் அதே பாதை வேண்டியிருக்கிறதே!

பாப்பாவின் ரெட்டினால் விஷயத்துக்கு வருகிறேன். அது தோலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, உட்கருவுக்குள்ளேயே இருக்கும் ஏற்பியில் ஒட்டுகிறது. மேலடுக்கில் செல்கள் வேகமாகப் பெருகும், அதனால் உரியும். கீழே, தோலைத் தாங்கும் நார்ப் புரதமான கொலாஜன் இருக்கும் அடுக்கில் கதை வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் ஏபி-1 என்ற புரதம் உசுப்பப்பட்டு, கொலாஜனை வெட்டும் நொதிகளை வரவழைக்கும். புதுக் கொலாஜன் செய்யச் சொல்லும் டிஜிஎஃப்-பீட்டா பாதையும் மந்தமாகிவிடும். வெட்டுவது கூடுகிறது, கட்டுவது குறைகிறது, சுருக்கம் விழுகிறது. ரெட்டினாயிக் அமிலம் அந்த ஏபி-1-ஐ அடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 1996-இல் இதை மனிதத் தோலிலேயே காட்டியது. ஆக, பாப்பாவின் இரண்டு அம்புக்குறியும் சரி.

கொலாஜன் என்றதும் இன்னொன்று. மூன்று இழை முறுக்கிய அதன் வடிவத்தை ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து. சோதனைக்கு வேண்டிய கங்காரு வால் கொலாஜன் அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமான சி.எல்.ஆர்.ஐ-யிலிருந்து வந்தது. தோலைப் படித்து என்ன செய்வாள் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொன்னேன்.

சரி, வழி என்ன? தோல் டாக்டர் ஆவதுதான் ஆசை என்றால் நீட், எம்பிபிஎஸ், அப்புறம் மூன்று வருட எம்.டி, குறுக்கு வழி கிடையாது, அந்த நோட்டீஸில் இருக்கும் படிப்பு அதற்கு ஏணியும் இல்லை. கிரீம் தயாரிப்பதில் ஆசை என்றால் பி.பார்ம் அல்லது வேதியியல். ஆனால் அவள் கேட்பது ‘எப்படி’ என்ற கேள்வி, எனவே ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வை முதலில் வையுங்கள். பயாலஜி குரூப்பே போதும், திருப்பதியும் திருவனந்தபுரமும் பக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். அது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் வெறும் பி.எஸ்சி உயிர்வேதியியலோ விலங்கியலோ போதும், பெயரில் அலங்காரம் வேண்டாம். பிறகு எம்.எஸ்சி-க்கு ஜாம், கேட்-பி தேர்வுகள் இருக்கின்றன.

வேலையா? அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிக்க இந்தியாவில் 2014-இலிருந்து தடை. அதனால் தட்டில் வளர்த்த மனிதத் தோல் செல்களில் சோதிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது, எம்.எஸ்சி-யோடு நுழையலாம். ஆராய்ச்சிதான் என்றால் பிஎச்.டி, ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. மொத்தம் பத்து வருடப் பாதை, மறைக்கவில்லை. அதற்குள் கல்யாணம் என்று வீட்டில் பேசுவதாகச் சொன்னீர்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

இதற்கு மேலும் அந்தக் கல்லூரிதான் என்றால், ஒரு நாள் நேரில் போய் செல் வளர்ப்பு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே கார்பன்-டை-ஆக்சைடு இன்குபேட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே செல்கள் வளரும் இளஞ்சிவப்புத் திரவத்தோடு குடுவைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் போன ஓர் இடத்தில் உள்ளே பழைய விடைத்தாள் கட்டு இருந்தது.