சீனி குறைந்தால் தேடவேண்டியது காரணத்தை: கேள்வி பதில்

கொழும்பில் நீரிழிவு நோயாளர்களைப் பராமரிக்கும் தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.

அப்பாவுக்கு 74 வயது. காலையில் சீனி வருத்தத்துக்கு கிளிபென்கிளமைட் குளிசை எடுப்பவர். கிட்னியும் கொஞ்சம் பலவீனம். இந்தக் கிழமை இரண்டு நாள் மத்தியானத்துக்கு முன் கை நடுங்கி, வேர்த்து, மாறாட்டமாகப் பேசினார். சீனித்தண்ணி கொடுத்ததும் சரியாகிவிட்டது. போதுமா? (வெள்ளவத்தை)

கொடுத்தது சரி மகள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த நேரமே விரலில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 54க்குக் கீழே ஆபத்து. அப்பா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இந்தக் குளிசை கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். கிட்னி பலவீனமானால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் காலையில் ஏறிய சீனி பின்னேரம் திரும்ப இறங்கலாம்; அன்றிரவும் கவனம் வேண்டும்.

அந்த இரண்டு நாளும் என்ன நடந்தது? இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டாரா? கோயிலுக்கு நடந்து போனாரா? புதிதாக வேறு மருந்து தொடங்கினாரா? எழுதிக்கொண்டு டொக்டரிடம் போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்க வேண்டாம், மருந்தை மாற்றவேண்டி வரலாம். வயதானவர்கள் மாறாட்டமாகப் பேசினால் "வயசு போயிட்டுது" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

சீனி இறங்கினால் சொக்லேட் கொடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

வேறு ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும். அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், ஏறக்குறைய 15 கிராம். குளுக்கோஸ் தூளும் நல்லது. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், 70ஐத் தாண்டாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். ஏறிய பிறகு பிஸ்கட்டோ சோறோ சாப்பிடட்டும். அகார்போஸ் என்ற சீனி வருத்தக் குளிசை எடுப்பவருக்கு மட்டும் குளுக்கோஸேதான் வேண்டும்; சாதாரண சீனி செரிப்பதை அந்த மருந்து தாமதப்படுத்திவிடும்.

மெட்போமின் மட்டும் எடுக்கிறேன். எனக்கும் வருமா? (பம்பலப்பிட்டி)

அதனால் மட்டும் வருவது அரிது. வெறும் வயிற்றில் சாராயம் குடிப்பீர்களா? ஈரல் சாராயத்தைக் கையாளும்போது புதிதாகச் சீனி செய்து விடுவது குறைந்துபோகும். குறைவு சில மணி நேரம் கழித்து, நித்திரையிலும் வரலாம். அப்போது வாயில் மணக்கிறது என்று "வெறி" என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

நோன்பு பிடிக்கிறேன், இன்சுலினும் போடுகிறேன். (தெமட்டகொடை)

ரமழானுக்கு முன்பே டொக்டரைப் பாருங்கள், ஊசியின் அளவும் நேரமும் மாறவேண்டும். 70க்குக் கீழே போனால் உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள், அசர், மஃரிப் என்று காத்திருக்கவேண்டாம்.

சீனி வருத்தம் இல்லை. ஆனால் சாப்பாடு பிந்தினால் நடுங்குகிறது. (மட்டக்குளி)

நடுங்கும் நேரத்திலேயே அளந்து பாருங்கள். அளவு 55க்குக் கீழே இருக்கவேண்டும், சீனி எடுத்ததும் நடுக்கம் போகவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அதை உண்மையான குறைவு என்போம். பலருக்கு அளவு சரியாகவே இருக்கும். உண்மையிலேயே குறைந்தால் இரைப்பைச் சத்திரசிகிச்சை, ஈரல் நோய், அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு, அரிதாகக் கணையக் கட்டி என்று தேடவேண்டும்.

மயங்கி விழுந்துவிட்டால்? (தெகிவளை)

வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வீட்டில் சீனியை ஏற்றும் குளுக்ககோன் ஊசி இருந்தால் போடுங்கள். என்ன மருந்து எடுக்கிறார் என்ற சீட்டையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.