கணக்கில் 58: ஒரு வருடம் நின்று மறுபடி எழுதலாமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்து, இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். இயற்பியலில் 71, வேதியியலில் 74. கணக்கில் 80க்கு மேல் வரும் என்று நம்பியிருந்தோம், 58தான் வந்தது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்ஜினீயரிங்தான் படிக்க வேண்டுமாம். "ஒரு வருஷம் வீட்டில இருந்து கணக்கை மட்டும் திரும்ப எழுதறேன்" என்கிறாள். பக்கத்துத் தெரு டுடோரியலில் 18,000 ரூபாய் கட்டினால் எழுத வைக்கிறோம் என்கிறார்கள். கட்டலாமா?
- ஒரு தாய், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்ற பாடத்தை மதிப்பெண்ணுக்காக மறுபடி எழுத வழியில்லை. 'இம்ப்ரூவ்மென்ட்' என்று முன்பு ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். துணைத்தேர்வு, தவறியவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும் மட்டும்தான். சிபிஎஸ்இ-யில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாடத்தை மதிப்பெண் உயர்வுக்காக எழுத முடியும். அக்கம்பக்கத்தில் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம், அந்த விதி உங்கள் மகளுக்குப் பொருந்தாது. வேறு வாரியத்தில் எழுத வைக்கிறோம் என்று டுடோரியல்காரர்கள் சொன்னால், அந்த மதிப்பெண்ணை இன்ஜினீயரிங் கலந்தாய்வில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

ஆனால் 80 எதிர்பார்த்த பிள்ளைக்கு 58 வந்திருக்கிறது என்றால், அந்த விடைத்தாளைப் பார்க்காமல் விடக் கூடாது. நாளைக் காலையிலேயே அவள் படித்த பள்ளிக்குப் போங்கள். விடைத்தாள் நகலுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ரிசல்ட் வந்த பிறகு சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். கடந்த சில ஆண்டுகளாக ஒரு பாடத்துக்குக் கட்டணம் 275 ரூபாய். நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். அதற்குத் தனியாக 505 ரூபாய். கூட்டல் மட்டும் சரிபார்க்க 205.

நகல் வந்ததும் அவளுடைய கணக்கு ஆசிரியரோடு உட்காருங்கள். அகமதிப்பீடு 10 முழுதாக வந்திருந்தால், எழுத்துத் தேர்வில் 90க்கு 48 வாங்கியிருக்கிறாள். போன 42 எங்கே போனது என்பதுதான் கேள்வி. முதல் பக்கக் கூட்டலையும், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். அடுத்து 20 ஒரு மதிப்பெண் கேள்விகள். தெரிவின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும், இரண்டில் ஒன்று தப்பானால் பூஜ்யம்தான். நன்றாகப் படித்த பிள்ளைகளும் அவசரத்தில் இங்கே கோட்டை விடுகிறார்கள். பிறகு 5 மதிப்பெண் கணக்குகள் ஏழு. கடைசி விடை தப்பாக இருந்தாலும் படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. அது விட்டுப்போயிருந்தால் மறுமதிப்பீடு கேட்பது நியாயம். மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு என்பதால், குறைந்தது மூன்று நான்கு மதிப்பெண் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் கேளுங்கள்.

அந்த மூன்று நான்குக்கு மதிப்பு உண்டு. இன்ஜினீயரிங் தரவரிசைக்கான கட்-ஆஃப் 200க்கு, அதில் கணக்கு 100. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. இப்போது அவளுடையது 58 + 35.5 + 37 = 130.5. கணக்கில் ஏறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அப்படியே கட்-ஆஃபில் ஏறும். மறுமதிப்பீட்டில் மாற்றம் வந்தால், அது கலந்தாய்வுப் பதிவிலும் ஏறிவிட்டதா என்று இன்ஜினீயரிங் சேர்க்கைச் சேவை மையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். முடிவு வரட்டும் என்று பதிவு செய்யாமல் இருந்துவிடாதீர்கள், கடைசித் தேதி காத்திருக்காது.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதியிருப்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி என்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் உண்டு. தனித் தரவரிசை; சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். 130.5 அங்கே பொதுப் பட்டியலைப் போலப் பின்தங்கி நிற்காது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு வருடம் தள்ளிப்போட ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

விரும்பிய கல்லூரி கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ, அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. மொத்தத்தில் ஒரு வருடம் கூடும், ஆனால் அந்த வருடம் வீட்டில் உட்கார்ந்து கழியாது.

கணக்கை அவள் திரும்பப் படிக்க நினைப்பது மட்டும் சரியான நினைப்பு. பரீட்சைக்காக அல்ல, கல்லூரிக்காக. இன்ஜினீயரிங் முதல் வருடக் கணக்கு நுண்கணிதத்தின் மேல் நிற்பது. மதிப்பெண் எந்தப் பாடங்களில் போயிருக்கிறது என்று நகலில் குறித்துக்கொள்ளுங்கள். அணிகளும் கலப்பெண்களும் நன்றாக வந்து, இரண்டாம் தொகுதியில் 7 முதல் 10 வரையிலான பாடங்களில் சறுக்கியிருந்தால் (வகை நுண்கணிதம், பகுதி வகைக்கெழு, தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு) வாரத்துக்கு ஒரு பாடம் வைத்துக்கொள்ளட்டும். எடுத்துக்காட்டுக் கணக்குகளை முதலில் புத்தகத்தை மூடிவிட்டுப் போட வேண்டும், பயிற்சிக் கணக்குகள் அதன்பிறகு. பிளஸ் ஒன் வகையிடல், தொகையிடல் சூத்திரங்கள் தடுமாறினால் அங்கிருந்தே தொடங்கட்டும். பலருக்கும் அடிபட்ட இடம் அதுதான். கல்லூரி திறப்பதற்குள் ஐந்தாறு வாரம் போதும். இதற்கு டுடோரியல் வேண்டாம். அவளிடம் இருக்கும் பாடப்புத்தகங்களும் ஒரு நீளமான நோட்டும் போதும்.