பாரிஸ் கடைகளில் மரியாதையாகப் பேச என்னென்ன சொல்ல வேண்டும், எப்படி உச்சரிப்பது?

பாரிஸ் சுற்றுலாவுக்கு நாலு பிரெஞ்சுச் சொல் போதும். அதில் முதல் இடம் 'போன்ஷூர்' (வணக்கம்) என்பதற்குத்தான். ரொட்டிக் கடையில் நுழைந்ததும், விலை கேட்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். நேராக விஷயத்துக்குப் போவது அங்கே மரியாதைக் குறைவு. கூடவே பெண்ணிடம் 'மதாம்', ஆணிடம் 'ம்ஸ்யோ' சேர்த்தால் இன்னும் நல்லது. 'போன்' சொல்லும்போது நாக்கு மேலே தொடக் கூடாது, 'ஓ'வை மூக்கு வழியே விடுங்கள். 'ஷூ'வைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். மாலையில் 'போன்ஸ்வார்'.

அடுத்தது 'மெர்சி' (நன்றி). இதில் வரும் 'ர்' நுனிநாக்கில் உருளாது, அடித்தொண்டையில் கரகரக்கும். தொண்டையில் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கிற இடம்தான்!

ஏதாவது கேட்டால் 'சில் வூ ப்லே' (தயவுசெய்து) சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்தில் கடைசியாக நிற்கும் 'ட்' வாயில் வராது. நெருங்கிய நண்பரிடமும் குழந்தையிடமும் 'சில் த ப்லே'. 'த' நம் 'நீ' போல, 'வூ' நம் 'நீங்கள்' போல; அப்படிப் பேசிப் பழகிய நமக்கு இது தானாகவே பிடிபடும். சந்தேகம் வந்தால் 'வூ'வே பத்திரம்.

நம்மைப் படுத்துவது 'எக்ஸ்க்யூஸே முவா' (மன்னியுங்கள்). அந்த 'க்யூ' உண்மையில் 'க்யூ' இல்லை. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, அப்படியே வைத்துக்கொண்டு 'ஈ' சொல்லுங்கள். வரவில்லையா? அதே பொருளில் 'பார்தோன்' சொல்லிவிட்டு நகருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.