திரை போன லேப்டாப்பில் பாட்டு: கட்டளை வரியிலிருந்தே பட்டியலை ஓட்டுவது எப்படி?

கேள்வி: திரை உடைந்த பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, வரவேற்பறை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்திருக்கிறேன். போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாகப் பாட்டை மாற்ற வேண்டும். தினமும் காலை 5.30க்குப் பக்திப் பாடல் பட்டியல் தானாக ஓட வேண்டும். பிளேயர்சிடிஎல் போட்டுப் பார்த்தால் 'பிளேயர் எதுவும் இல்லை' என்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: பிளேயர்சிடிஎல் நல்ல கருவிதான், ஆனால் அது பாடாது. டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே திறந்திருக்கும் பிளேயருக்கு டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் தடம்) வழியாக உத்தரவு சொல்வது மட்டுமே அதன் வேலை. திரையில்லாத கணினியில் எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைபவருக்கு அந்தப் பிளேயரும் இல்லை, டெஸ்க்டாப்பும் இல்லை. உங்களுக்குப் பொருந்துவது மியூசிக் பிளேயர் டீமன், சுருக்கமாக எம்பிடி. அது பின்னணியில் சர்வராக ஓடி 6600 போர்ட்டில் காத்திருக்கும். அதற்கு உத்தரவு அனுப்பும் சின்னக் கருவி எம்பிசி. பாடுவது சர்வர் என்பதால், எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தாலும் பாட்டு நிற்காது.

இரண்டையும் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நிறுவிவிடலாம். கீழே கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். பெரிய எழுத்து என்று சொன்ன இடங்கள் தவிர, எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

நிறுவியதும் பலர் முட்டி நிற்பது ஒரே இடத்தில்: பாட்டுக் கோப்புகளைத் தேடிப் பதியும் 'எம்பிசி அப்டேட்' கொடுத்தும் ஒரு பாட்டுகூடத் தெரியாது. சிஸ்டம் சர்வீஸாக ஓடும் எம்பிடி, 'எம்பிடி' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் ஹோம் ஃபோல்டர் மற்றவர்களுக்கு மூடியிருந்தால் அதற்குள் இருக்கும் பாட்டை அந்தப் பயனரால் படிக்க முடியாது. ஹோமின் அனுமதியைத் தளர்த்த வேண்டாம். டெபியனில் அதற்கென்றே இருக்கும் /வார்/லிப்/எம்பிடி/மியூசிக் ஃபோல்டருக்குப் பாட்டுகளை மாற்றி, எல்லோரும் படிக்கும்படி அனுமதி கொடுங்கள். வேறு இடம்தான் வேண்டுமென்றால் /இடிசி/எம்பிடி.கான்ஃப் கோப்பில் 'மியூசிக்_டைரக்டரி' வரியை மாற்ற வேண்டும்.

எம்பிடி ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும். சிஸ்டம் சர்வீஸ் ஒன்று, உங்கள் பயனர் கணக்கின் சர்வீஸ் ஒன்று என இரண்டும் கிளம்பினால் 6600 போர்ட்டுக்குச் சண்டை வரும். அல்லது நீங்கள் ஒன்றில் பட்டியல் சேர்ப்பீர்கள், பாடுவது மற்றொன்றாக இருக்கும். திரையில்லாத கணினிக்கு, யாரும் லாகின் செய்யாமலே ஓடும் சிஸ்டம் சர்வீஸ்தான் சரி. பயனர் சர்வீஸை 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் டிஸேபிள் --நவ் எம்பிடி' கொடுத்து நிறுத்துங்கள். இணைப்பு வந்ததும் சர்வீஸைக் கிளப்பும் சாக்கெட் யூனிட் இருந்தால் அதையும் சேர்த்து.

ஒலி வெளியீட்டுக்கு லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சா போதும். யுஎஸ்பி டாக் (வெளியே மாட்டும் ஒலி அட்டை) மாட்டியிருந்தால் கார்டு எண்ணை நம்பாதீர்கள், மறுதொடக்கத்தில் மாறிவிடும். 'ஏப்ளே' கட்டளையோடு '-எல்' (பெரிய எழுத்து) போட்டால் கார்டுகளின் பெயர் வரும். அந்தப் பெயரைக் கான்ஃபிக்கில் எழுதுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்தினால் கணினி தூங்கிவிடாதிருக்க, லாகின்டி.கான்ஃப் கோப்பில் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' (ஹேண்டில், லிட், ஸ்விட்ச் மூன்றின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) மதிப்பை 'இக்னோர்' என்று வையுங்கள்.

அன்றாடக் கட்டளைகள் எளிது. 'எம்பிசி டாகிள்' நிறுத்தும், மறுபடி ஓட்டும். நெக்ஸ்ட், ப்ரெவ், 'வால்யூம் +5', 'சீக் +30' எல்லாம் பெயருக்கேற்ற வேலைதான். கவனம் வேண்டியது வரிசைக்கும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாட்டில். எம்பிடி பாடுவது எப்போதும் தற்போதைய வரிசையை. சேமித்த பட்டியல் தனிக் கோப்பு. 'எம்பிசி லோட்' பட்டியலை வரிசையின் கடைசியில் ஒட்டும், பழையதை அழிக்காது. முதலில் 'க்ளியர்' கொடுக்காவிட்டால் தினமும் அதே பாட்டுகள் சேர்ந்து வரிசை நீண்டுகொண்டே போகும். வரிசையைப் பட்டியலாக்க 'எம்பிசி சேவ்'. அதே பெயரில் பட்டியல் ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும்; 'எம்பிசி ஆர்எம்' கொடுத்துப் பழையதை நீக்கிவிட்டுச் சேமியுங்கள்.

பாட்டைத் தேடிச் சேர்க்க 'எம்பிசி சர்ச்ஆட் ஆர்ட்டிஸ்ட்' என்று தொடங்கிப் பெயரைக் கொடுக்கலாம். தமிழ்ப் பாட்டுத் தொகுப்புகளில் இங்கேதான் சிக்கல். இளையராஜா பெயரே ஒரு கோப்பின் டேகில் (கோப்புக்குள் இருக்கும் பாடல் விவரக் குறிப்பில்) ஒரு விதமாகவும் இன்னொன்றில் இரட்டை 'ஏ'யோடும் ஆங்கிலத்தில் இருக்கும். 'ஃபைண்ட்' எழுத்துக்கு எழுத்து பொருத்தம் பார்க்கும். 'சர்ச்' பெயரின் துண்டு கிடைத்தாலும் எடுக்கும், பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காது. ஆகவே எல்லா எழுத்துமுறைக்கும் பொதுவான துண்டைக் கொடுத்து 'சர்ச்' செய்யுங்கள். வேண்டாதவை வந்தால் 'எம்பிசி டெல்' கட்டளையில் வரிசை எண்ணைக் கொடுத்து நீக்கலாம். டேகே இல்லாத கோப்புகளை 'சர்ச் ஃபைல்நேம்' பிடித்துவிடும்.

இனி காலை 5.30. முதலில் கணினியின் நேர மண்டலத்தைப் பாருங்கள். அது யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானில் 5.30 என்று எழுதியது நம் நேரம் காலை 11 மணிக்கு ஓடும். 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன்' மூலம் ஏசியா/கொல்கத்தா (இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) என மாற்றி, க்ரான் சர்வீஸையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி அதை க்ரானில் கொடுங்கள். க்ரானின் பட்டியல் கோப்பான க்ரான்டேப்பிலேயே நீளமாக எழுதினால் அங்கே சதவீதக் குறி புதுவரியாகிவிடும்.

ஸ்கிரிப்டில் வரிசையாக: எம்பிசி க்ளியர், ரேண்டம் ஆஃப், சிங்கிள் ஆஃப், கன்ஸ்யூம் ஆஃப், ரிப்பீட் ஆஃப், வால்யூம் 10, லோட் என்று பட்டியலின் பெயர், ப்ளே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'எம்பிசி' வர வேண்டும். அந்த 'ஆஃப்'களை விட்டுவிடாதீர்கள். வெறும் 'எம்பிசி ரேண்டம்' என்றால் இருக்கும் நிலையைப் புரட்டிப்போடும்: இன்று ஆன், நாளை ஆஃப். இரவில் யாராவது 'சிங்கிள்' ஆன் செய்திருந்தால் காலையில் ஒரே பாட்டோடு நின்றுவிடும். எம்பிடி அந்த நிலையை மறுதொடக்கத்துக்குப் பிறகும் நினைவில் வைத்திருக்கும். 'கன்ஸ்யூம்' பாடி முடித்ததை வரிசையிலிருந்து நீக்கும், சேமித்த பட்டியலைத் தொடாது.

ப்ளேக்குப் பிறகு ஒரு லூப் போட்டு, 20 விநாடிக்கு ஒருமுறை 'எம்பிசி வால்யூம் +2' என 15 தடவை ஓட்டினால், 10லிருந்து 40 வரை ஐந்து நிமிடத்தில் மெல்ல ஏறும். வால்யூம் இடத்தில் 'என்/ஏ' வந்தால் ஒலி அட்டையில் மிக்ஸர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இல்லை என்று பொருள். கான்ஃபிக்கில் 'மிக்ஸர்_டைப்' மதிப்பை 'சாஃப்ட்வேர்' ஆக்குங்கள்.

புதிய பாட்டுகளைச் சேர்த்த கையோடு பட்டியல் தயாரிக்கிற ஸ்கிரிப்ட் என்றால் 'எம்பிசி அப்டேட் --வெயிட்' கொடுங்கள். வெறும் 'அப்டேட்' வேலையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும்; அடுத்த வரி ஓடும்போது புதிய பாட்டு எம்பிடியில் பதிவாகியிருக்காது. 6600 போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறக்க வேண்டாம். எம்பிடி பாஸ்வேர்டு மறைகுறியாக்கம் இல்லாமல்தான் போகிறது. வெளியிலிருந்து தேவைப்பட்டால் எஸ்எஸ்ஹெச் வழியாகவே வாருங்கள்.