சார்ஜ் ஏறுகிறது, கூத்து இறங்க மறுக்கிறது

கேள்வி: ஐயா, குடியாத்தம் பக்கத்துக் கிராமம் என்னுடையது, ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பழைய எம்பி3 பிளேயரில் பதிந்து வைத்திருக்கிறேன். கணினியில் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது; கணினியோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. கூட வந்த ஒயர் தொலைந்துவிட்டது. போன் ஒயர் நுழையவில்லை, டார்ச் லைட்டுடன் வந்த ஒயர்தான் பொருந்தியது. கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள், ஆசிரியர் ஐயா. கணினியின் கண்ணுக்கே தெரியாத பொருளை அவர் எங்கிருந்து ஃபார்மட் செய்வார்? பிளேயரின் மெனுவுக்குள் போய்த்தான் அழிக்க வேண்டும். அழித்தால் துரியோதனன் படுகளத்தோடு கட்டியக்காரனின் நையாண்டியும் சேர்ந்து போய்விடும்.

எனக்குச் சந்தேகம் அந்த டார்ச் லைட் ஒயர் மேல்தான். சாதாரண யூஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. டார்ச்சுக்கு மின்சாரம் போதும் என்பதால் பின்னிரண்டையும் வைக்காமலே விற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

போன் ஒயர் நுழையவில்லை என்பதால், உங்களுடையது பெரும்பாலும் மினி யூஎஸ்பி துளையாக இருக்கும். இதற்காக வேலூருக்கு பஸ் ஏற வேண்டாம். பழைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றுக்கும் இதே ஒயர்தான்; ஊரில் நெடுநாளாக இருக்கும் போட்டோ ஸ்டுடியோவில் கேளுங்கள், மேசை டிராயரில் ஒன்றாவது கிடக்கும். சொருகும் முன் பிளேயரை அணைத்துவிட்டுத் துளைக்குள் பாருங்கள். கூத்துக் களத்துப் புழுதி படிந்திருந்தால் பல் குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, குண்டூசி பக்கமே போக வேண்டாம். மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளையில் சொருகுங்கள். முன்பக்கத்துத் துளைகள் பல நேரம் தளர்ந்து கிடக்கும்.

அப்படியும் தெரியாவிட்டால் பிளேயரின் அமைப்புகளில் யூஎஸ்பி முறை என்று இருக்கிறதா என்று தேடுங்கள். எம்டிபி, எம்எஸ்சி என இரண்டு இருந்தால் எம்எஸ்சியைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவ் போலத் தெரியும். விண்டோஸில் டிரைவ்களைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிந்தும் D, E போன்ற டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருந்தால், அங்கேயே ஓர் எழுத்தைக் கொடுத்துவிடலாம். பதிவு மெமரி கார்டில் இருந்தால் இவ்வளவு பாடே இல்லை: கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டால் முடிந்தது.

எந்த இடத்திலாவது 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பிளேயர் கணினியில் திறந்துவிட்டால் பதிவை நகர்த்தாதீர்கள், நகல் எடுங்கள். ஒன்று கணினியில், இன்னொன்று வேறொரு பென் டிரைவில். வேலூர் வெயிலில் கிடந்த பழைய பேட்டரி ஆயிற்றே, பிளேயரின் முதுகு உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: பாட்டுகளை ஏற்றினேன். கணினியில் தெரிகின்றன, பிளேயரில் இல்லை. (கல்லூரி மாணவி, காட்பாடி)

பதில்: கோப்புப் பெயரின் வால், அதாவது புள்ளிக்குப் பின் வருவது, எம்பி3 தானா என்று பாருங்கள். ஃபிளாக், எம்4ஏ வகைகளைப் பழைய பிளேயர்கள் பல சீண்டுவதே இல்லை. வகை சரியாக இருந்தால், கணினியில் முறைப்படி வெளியேற்றிவிட்டு ஒயரைக் கழற்றுங்கள். சில பிளேயர்கள் அதற்குப் பிறகுதான் பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்.