மலையகத்தில் பொழுதுபோக்குக்குப் பழைய ஆமி லொறி வாங்கலாமா? வாங்கினால் எதை?

கேள்வி கேட்டவர் நுவரெலியாப் பக்கம் இருக்கிறார். வார இறுதியில் நண்பர்களோடு தோட்டத்து ரோடு, காட்டுப் பாதை என்று சுற்ற ஒரு பழைய இராணுவ லொறி வேண்டுமாம். அமெரிக்க எம்35, ஜெர்மன் யூனிமொக், பிரிட்டிஷ் பெட்ஃபோர்ட் மூன்றில் எது சரி என்று கேட்கிறார். நான் ஹட்டன் பக்கம். மாமாவின் கராஜில் ஒரு பெட்ஃபோர்ட் ஆர்.எல். நிற்கிறது. நானும் மச்சானும்தான் அதைப் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஆமி லொறி என்றதும் எல்லாருக்கும் இழுவைதான் ஞாபகம் வரும். சேற்றில் இறங்கும், ஆற்றைக் கடக்கும், விழுந்த மரத்தை இழுத்துப் போடும். எல்லாம் உண்மைதான். ஆனால் மலையில் லொறி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை. ஏற முடியாமல் நின்ற லொறியால் பெரிய சேதம் எதுவும் வராது, பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத லொறிதான் ஆளைக் கொல்லும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ் மோதி ஏழு பேர் இறந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தப் பாதையில் பஸ்ஸுக்கும் கனரக லொறிக்கும் தடை வந்தது. நீங்கள் வாங்கப்போகும் லொறியும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எம்35 முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். நல்ல லொறி, சந்தேகமில்லை. 1950 வாக்கில் வந்த வடிவம், ஆறு சக்கரமும் இழுக்கும், பின்னால் இரட்டை டயர், மொத்தம் பத்து டயர். அதன் 7.8 லீற்றர் என்ஜின் டீசல் மட்டுமில்லாமல் வேறு எண்ணெய்களிலும் ஓடும்படி செய்தது. ஆனால் வெறும் வண்டியே ஆறு டன் வரும், அகலம் 2.4 மீற்றர். அதைவிடப் பெரிய சிக்கல், பரவலாக விற்கப்பட்ட ஏ2 வகையில் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து, பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒரே ஒன்றுதான். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் போய்விடும். சமதரையில் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சமாளித்துவிடலாம். ரம்பொடையிலிருந்து இறங்கும்போது அடுத்த வளைவு வருவதற்குள் என்ன செய்வீர்கள்?

யூனிமொக் 404 விஷயம் வேறு. அது சின்னது, கிட்டத்தட்ட மூன்று டன்தான். அச்சு சக்கரத்தின் மையத்துக்கு மேலே இருப்பதால் அடிப்பக்கம் கல்லில் இடிக்காது. காட்டுப் பாதைக்கு அதைப் போல இன்னொன்று இல்லை என்றே சொல்வேன். ஆனால் 2.2 லீற்றர் பெற்றோல் என்ஜின், 80 குதிரைவலு சொச்சம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிவு, அதே அளவுக்கு என்ஜின் வலுவும் குறையும். மீதி இருக்கும் வலுவில் லபுக்கலை ஏற்றத்தில் கொழுந்து ஏற்றிய டிராக்டர் உங்களை முந்தும். அதன் 10.5-20 டயருக்கும் இங்கே அலைய வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. இரண்டும் பெரும்பாலும் இடது பக்க ஸ்டீயரிங். வளைவில் எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்க நீங்கள் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறந்தது. திறந்த பிறகும் வயது வரம்பு இருக்கிறது. ஐம்பது வருடத்து லொறி அந்த வாசல் வழியாக வராது. ஆக, ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பதில்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் கையில் மிஞ்சுவது பெட்ஃபோர்ட், டாடா, லேலண்ட்.

பெட்ஃபோர்ட் ஆர்.எல். 1953இலிருந்து 1960களின் கடைசி வரை பிரிட்டிஷ் இராணுவத்துக்காகச் செய்த நாலு சக்கர இழுவை லொறி. வலது பக்க ஸ்டீயரிங், 4.9 லீற்றர் ஆறு சிலிண்டர் பெற்றோல் என்ஜின், நாலு கியர், 11.00-20 டயர். மூக்கில்லாத முகம் என்பதால் வளைவில் முன்பக்கம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தே திருப்பலாம். என்ஜின் சாமான் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இந்த நாட்டில் ஒரு காலத்தில் லொறி என்றாலே பெட்ஃபோர்ட்தான் என்பதால், கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய கடைக்காரர்களுக்கு அதன் பாகங்கள் இன்னும் மனப்பாடம். கஷ்டம் முன் அச்சிலும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸிலும்தான். அவை சாதாரண பெட்ஃபோர்டில் இல்லாதவை. அங்கே பல் உடைந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

குடிக்கிற பெற்றோலைப் பார்த்துப் பயந்து பலர் இதில் ஜப்பான் டீசல் என்ஜினை இறக்கிவிடுவார்கள். விற்கிறவரும் அதைப் பெருமையாகச் சொல்வார். நான் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பெற்றோல் என்ஜினில் காலை எடுத்தால் திரொட்டில் மூடிக்கொள்ளும், என்ஜின் காற்றுக்குத் தவித்துக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த மூடி கிடையாது. அதனால்தான் எல்ஃப், கெண்டர் லொறி எல்லாவற்றிலும் புகைக்குழாயை அடைத்து என்ஜினைப் பிடிக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் வைத்திருக்கிறார்கள். மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கு இறங்குகிற நம் டிரைவர்மார் அந்தச் சின்ன லீவரைத் தட்டிக்கொண்டேதான் இறங்குவார்கள். என்ஜினை மாற்றியவர் எக்ஸோஸ்ட் பிரேக்கைச் சேர்த்து மாட்டாமல் விட்டிருந்தால், எண்ணெய்ச் செலவைக் குறைத்து பிரேக் லைனரின் தலையில் சுமையை ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணத்துக்குப் பொறுப்பாக வாங்க நினைப்பவர் என்றால் நான் கைகாட்டுவது டாடா எல்பிடிஏ 713. நாலு சக்கர இழுவை, ஏழு டன் வகை, 130 குதிரைவலு. பெயரிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. டாடாவின் 697 என்ஜின் குடும்பமும் அப்படித்தான், ஆறு சிலிண்டர், 97 மில்லிமீற்றர் விட்டம். அதன் பூர்வீகம் மெர்சிடிஸ். மணல் லொறி, பஸ் என்று நாடு முழுக்க ஓடிய என்ஜின் என்பதால் எந்தச் சந்தியிலும் அதைக் கழற்றத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸ் இருப்பார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருப்பதால் நுவரெலியா உயரத்தில் மூச்சும் அதிகம் வாங்காது. டர்போ இல்லாத பழைய டீசல் அங்கே அதே எண்ணெயைக் குறைந்த காற்றில் எரிக்கப் பார்த்துக் கறுப்புப் புகை தள்ளும். புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அதன் அருமை தெரியும். லேலண்ட் ஸ்டாலியனும் நல்லதுதான், முழுக்க காற்று பிரேக், இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் டிப்போக்களில் லேலண்ட் பழகிய கைகள் நிறைய. ஆனால் அது ஐந்து டன் ஏற்றுகிற உடம்பு. தோட்டத்து ரோட்டின் கொண்டை வளைவில் இரண்டு தரம் ரிவர்ஸ் அடித்துத் திரும்பும்போது பொழுதுபோக்கு என்ற சொல் மறந்துவிடும். தோட்டத்துப் பாலங்களில் எழுதியிருக்கும் எடையையும் ஒரு தரம் படித்துவிடுங்கள். பல பாலங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை.

போய்ப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? பண்டாரவளையில் ஒரு லொறி பார்க்க மாமாவோடு போயிருந்தேன். விற்கிறவர் பொனெட்டைத் திறந்து என்ஜினைக் காட்டத் தயாராக நின்றார். மாமா அந்தப் பக்கமே போகவில்லை. என்னை உள்ளே ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பெடல் முதலில் கெட்டியாக நின்றது. பிறகு நான் அழுத்தாமலே மெதுமெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் வாஷர் போயிருந்தது. அப்புறம் மாமா பின் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டு, டிரம் தட்டின் அடியில் விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். “சும்மா ஈரம் அண்ணே, நேற்று நல்ல மழை” என்றார் விற்கிறவர். மாமா விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். கந்தக வாடை. கியர் எண்ணெய் சீலைத் தாண்டி வந்து லைனரில் ஊறியிருந்தது. அந்தச் சக்கரம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அவ்வளவுக்கும் வெளியே புத்தம் புது பெயின்ட்.

ஓட்டிப் பார்க்க விட்டால் ஒரு நீண்ட இறக்கத்தில் இறக்குங்கள், ஏறிய கியரிலேயே. கீழே நிறுத்தி ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரம் மிதித்த பிறகு விடுவதில்லை. பழைய ரப்பர் குழாய் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்வது வழக்கம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. குழாய்கள், சிலிண்டர் ரப்பர்கள், லைனர் எல்லாவற்றையும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கிய பிறகு ஒரு கிளீனர் பையனும் சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு நல்ல கட்டையும் எப்போதும் கூட இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை நம்பிச் சரிவில் நிறுத்துகிற லொறி இல்லை இது.

டயரில் பூ நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். ஆமி லொறி அதிகம் ஓடாமல் நின்றே கிழமாகும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 0912 என்றால் 2012ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். ரிம், டயரைப் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம் உள்ள லொக் ரிங் வகையாக இருந்தால் காற்றடிக்கும்போது எதிரே நிற்கவே கூடாது. ரிங் கழன்று பறந்தால் ஆளை முடித்துவிடும். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடைக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று, தார் ரோட்டில் முன் சக்கர இழுவையைப் போடாதீர்கள். இந்த லொறிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மழையில் வழுக்குகிறதே என்று போட்டுக்கொண்டே ஓட்டித்தான் பலர் டிரான்ஸ்பர் கேஸை உடைக்கிறார்கள்.

காகித விஷயம். ஏலத்தில் வந்ததென்றால், வீதியில் ஓட்டப் பதிவு செய்யக்கூடியதாக விற்றார்களா, இரும்புக்காக விற்றார்களா என்று ஏலக் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சேசி இலக்கத்தை நீங்களே துருவைத் தட்டிப் படியுங்கள். “புத்தகம் பிறகு எடுத்துத் தரலாம்” என்று சொல்கிறவரிடம் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆமிப் பச்சை, படை இலச்சினை, வெள்ளை எண்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரருக்கு அழகு. இங்கே அது வேறு கதை. பச்சை லொறி வந்தால் லயத்துப் பெரியவர்கள் இன்னும் ஒதுங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பொலிஸும் நிறுத்தும், நிறுத்திப் பெயரைக் கேட்கும், பிறகு இன்னும் நாலு கேள்வி கேட்கும். எங்கள் பெட்ஃபோர்ட் நீலம், தார்ப்பாய் மஞ்சள். கலியாணத்துக்கு வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள்.

கடைசியாக லைசன்ஸ். சாதாரண கார் லைசன்ஸ் 3,500 கிலோ மொத்த எடை வரைதான். இந்த லொறிகளுக்கு சி1 வேண்டும், அது 17,000 கிலோ வரை செல்லும். லொறியைத் தேடத் தொடங்கும்போதே அதற்கும் விண்ணப்பித்து விடுங்கள். கிடைக்கும்வரை பழகிய டிரைவர் ஒருவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், முடிந்தால் மரக்கறி லொறி ஓட்டியவராகப் பார்த்து.